பினாங்குக்குப் போனவர்களின் பெயர்கள் மக்களிடம் வரட்டும்

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் பினாங்குக்குப் புறப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற எழுபதுக்கும் மேற்பட்டோரை அதில் கைதிகளாக ஏற்றியிருந்தார்கள். சிவகங்கையை ஆண்ட சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவர்களில் ஒருவன். வயது 15. தந்தையையும் பெரியப்பா பெரிய மருதுவையும் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டிருந்தார்கள்.

இதே ஆண்டுகளில்தான், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த 1798 கிளர்ச்சியில் பிடிபட்ட அயர்லாந்துக்காரர்களும் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். விக்லோ மலைகளில் ஒளிந்து போராடிய மைக்கேல் டுவையர் 1806-ல் சிட்னியில் இறங்கினார். அவரைக் கொண்டுபோன கப்பலின் பெயர் ‘டெலிச்சேரி’. நமக்குத் தெரிந்த அதே தலச்சேரி. ஆஸ்திரேலியாவில் அவருக்கு நிலம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே சதிக் குற்றம் சாட்டினார்கள். நீதிமன்றம் விடுவித்தும் ஆளுநர் பிளை அவரை நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார். அலைக்கழிந்து திரும்பியவர் பின்னாளில் காவல் பணியிலும் இருந்தார், 1825-ல் இறந்தார். கிளர்ச்சியின் நூற்றாண்டான 1898-ல் சிட்னி மக்கள் அவர் எலும்புகளை வேவர்லி கல்லறைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்து, பின்னர் நினைவுச் சின்னமும் எழுப்பினார்கள்.

துரைசாமிக்கு நேர்ந்தது வேறு.

1818-ல் பினாங்கு சென்ற ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷைத் தேடி, தளர்ந்துபோன கிழவர் போன்ற ஒருவர் வந்தார். யாரென்று கேட்டபோது, ‘துரைசாமி’ என்றார். அப்போது அவருக்கு முப்பது வயதைச் சற்றே தாண்டியிருக்கும். வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. அந்த ஆசானின் மகன் ஊரில் மிஞ்சிய உறவுகளுக்கு எழுதும் கடிதத்தைக்கூடத் தன்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை என்று வெல்ஷே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இந்தத் தண்டனையின் முழுக் கொடுமையும் அங்கேதான் இருக்கிறது. உயிரை விட்டுவைத்து உறவை அறுத்தார்கள்.

அயர்லாந்து தன் மக்களைத் தேடியது. நாடு கடத்தப்பட்டவர்கள் பற்றிய ஆவணங்களை நுண்படச் சுருள்களாக்கி, 1988-ல் ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. இன்று சிட்னியில் இருக்கும் ஒருவர் தன் முப்பாட்டனார் எந்த ஊர், என்ன வழக்கு என்று தேடிப் பார்க்கலாம்.

நம்மிடம் ஆவணங்கள் இல்லாமல் இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்து ஏடுகள் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டி எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் சிவகங்கையிலோ பினாங்கிலோ இருக்கும் ஒரு சாதாரணக் குடும்பம் எளிதாகத் தேட வழியில்லை. கேரளத்தின் வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்பவர்களுக்கு, வேரைத் தேட வழியில்லாத இந்த வலி புரியும். அவர்களின் முன்னோர் கைதிகளாக வரவில்லை, கங்காணி கூட்டிவந்த கூலிகளாக மலையேறினார்கள். என்றாலும், எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதற்குக் காகிதச் சான்று இல்லாத குடும்பங்கள் அங்கும் உண்டு.

மருது சகோதரர்களுக்கு மாலை போடும் அரசு, அவர்களுக்காகக் கடல் கடந்து போனவர்களையும் நினைக்க வேண்டும். சென்னையில் உள்ள ஏடுகளையும் மலேசியா, சிங்கப்பூர் காப்பகங்களில் உள்ளவற்றையும் ஒப்பிட்டு, கைதிகளின் பெயரும் ஊரும் கொண்ட பட்டியலைத் தமிழிலேயே இணையத்தில் வெளியிட வேண்டும். தமிழக அரசு இந்தப் பணியை இந்த ஆண்டே தொடங்கட்டும்.