ஜீவனாம்ச பாக்கி: 3 ஆண்டு தாண்டினால் கைவிட்டுப் போகும்

பந்திங்: நீதிமன்றம் உத்தரவிட்ட ஜீவனாம்சத்தை முன்னாள் கணவர் கொடுக்காதபோது, 'இன்று தருவார், நாளை தருவார்' என்று காத்திருக்கும் பெண்களுக்கு அந்தக் காத்திருப்பே பாதகமாகிவிடும்.

முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டப்படி, பாக்கித் தொகையைக் கடனாக வசூலிக்கலாம். ஆனால், வழக்குத் தொடுக்கும் நாளுக்கு 3 ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த பாக்கியைக் கேட்க முடியாது என்கிறது அதன் 86ஆவது பிரிவு. மாதம் 500 ரிங்கிட் வீதம் 5 ஆண்டுகள் வராமல் போனால், 30,000 ரிங்கிட்டில் 12,000 ரிங்கிட் போய்விடும்.

கொடுக்காதவரும் தப்பிவிட முடியாது. 1950ஆம் ஆண்டு மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழான உத்தரவை வேண்டுமென்றே மீறினால், பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பளத்திலிருந்தே பிடித்துத் தர முதலாளிக்கு உத்தரவிடலாம். சொந்தத் தொழில், நாள் கூலி என்றால் பிடித்துத் தர முதலாளி இல்லை. அங்குதான் பெண்ணின் அலைச்சல் கூடுகிறது.

வேலை இழந்தவர் தொகையைக் குறைக்கக் கோரி மனு செய்யலாம், தாமாக நிறுத்தக்கூடாது. பணம் வராத மாதங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கோல லங்காட் வட்டாரப் பெண்கள் காலம் தாழ்த்தாமல் வழக்கறிஞரையோ, வசதி இல்லையேல் அரசாங்கச் சட்ட உதவித் துறையையோ நாடுவது நல்லது.