வந்ததுக்குக் காசா... கண்டுபிடிச்சதுக்குக் காசா?



நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்கன்னு வெச்சுக்குங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஃப்ரிட்ஜ், செமஸ்டர் டைம் பார்த்து மக்கர் பண்ணுது. பால் திரிஞ்சு போச்சு. ஊர்ல இருந்து கொடுத்தனுப்பின இட்லி மாவு பொங்கி வழியுது. உடனே மெக்கானிக்குக்கு போன். அவரும் வர்றார். பின்பக்கம் குனிஞ்சு பார்க்கிறார், லூஸா இருந்த ஒரு ஒயரைச் சரியா மாட்டுறார். ரெண்டே நிமிஷம்... ஃப்ரிட்ஜ் உயிர் வந்து உறும ஆரம்பிக்குது. "விசிட்டிங் சார்ஜ் 400 ரூபாய் தம்பி!"

அவ்வளவுதான், ரூமே கொதிக்குது. "ரெண்டு நிமிஷ வேலைக்கு 400-ஆ? பகல் கொள்ளைடா மச்சி!"

சரி, அதே மெக்கானிக் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து, முகமெல்லாம் வியர்க்க மூணு பார்ட் மாத்தி, 2,400 ரூபாய் பில் போட்டிருந்தா? டீ வாங்கிக் கொடுத்து, "தேங்க்ஸ்ணா"ன்னு வாசல் வரைக்கும் போய் வழியனுப்பியிருப்போம். உண்மையைச் சொல்லி ரெண்டு நிமிஷத்துல முடிச்சவருக்குத் திட்டு, இழுத்தடிச்சவருக்கு டீ! ஆக, அவரைப் பொய் சொல்லப் பழக்குறதே நாமதான்.

விசிட்டிங் சார்ஜை 'வந்து போன கூலி'ன்னு நினைக்கிறதுதான் இதுல சிக்கல். பெட்ரோலும் டிராஃபிக்ல வெந்த நேரமும் அதுல இருக்கு, சரி. ஆனா நிஜமா நாம வாங்குறது, எது கெட்டிருக்கு, ஏன் கெட்டுச்சுங்கிற பதிலை. அந்த ஒயர்தான்னு ரெண்டு நிமிஷத்துல சொல்ல, அவர் எத்தனையோ வருஷம் எத்தனையோ ஃப்ரிட்ஜ் பின்னாடி குனிஞ்சிருக்கணும். டாக்டர் "மாத்திரை வேண்டாம், ரெஸ்ட் எடுங்க"ன்னு சொன்னா கன்சல்டிங் ஃபீஸைத் திருப்பிக் கேட்போமா என்ன?

இலவசமா வர்ற மாடு!

"அப்போ, 'விசிட் ஃப்ரீ, செக்கிங் ஃப்ரீ'ன்னு நோட்டீஸ் ஒட்டுறவங்க தங்கமானவங்களா பாஸ்?"

தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு சொல்வாங்க. ஆனா, இலவசமா வர்ற மெக்கானிக்கைக் கட்டாயம் பல்லைப் பிடிச்சுப் பாருங்க! அவருக்கும் குடும்பம் இருக்கு, பெட்ரோல் செலவு இருக்கு. வந்ததுக்குக் காசு இல்லைன்னா, வந்த இடத்துல ஏதாவது ஒண்ணு மாத்தினாத்தான் அவருக்கு வருமானம். எல்லாரும் ஏமாத்துவாங்கன்னு சொல்லல. ஆனா, "ஒண்ணும் இல்ல தம்பி, சும்மா அடைப்புதான்"னு உண்மையைச் சொன்னா அவருக்கு அன்னிக்கு நஷ்டம். உண்மை பேசினா நஷ்டம்கிற இடத்துல உண்மையை எதிர்பார்க்கிறது கொஞ்சம் ஓவர் இல்லையா?

காசு கொடுத்துட்டா கணக்கு மாறுது. முக்கியமா, "வேண்டாம்ணா, யோசிச்சுச் சொல்றோம்"னு சொல்ற உரிமை உங்க கைக்கு வந்துடுது. 5,000 ரூபாய்க்கு வாங்கின பழைய ஃப்ரிட்ஜுக்குக் கம்ப்ரசர் மாத்த 6,000 ஆகும்னா, நன்றி சொல்லி 400-ஐக் கொடுத்து அனுப்பிடலாம். அந்த 400 உங்க 6,000-ஐக் காப்பாத்தியிருக்கு!

போன் பண்றதுக்கு முன்னாடி...

ஃபேன் ஓடுது, ஆனா ஊர்ந்து ஊர்ந்து ஓடுதா? பல சமயம் அது கெப்பாசிட்டர் வேலை. கடையில 100 ரூபாய்க்கு உள்ளேயே கிடைக்கிற சாமான். மிக்ஸி திடீர்னு நின்னுடுச்சா? ஸ்விட்சை ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்துட்டு அடியில பாருங்க. சிவப்பா ஒரு பட்டன் இருக்கும். லோடு அதிகமானா மோட்டாரைக் காப்பாத்த அது ட்ரிப் ஆகும். கொஞ்ச நேரம் ஆற விட்டு, அதை அமுக்கினா திரும்ப ஓடும். வாஷிங் மெஷின்ல தண்ணி ஏறலையா? குழாய் திறந்திருக்கான்னு பாருங்க, அப்புறம் இன்லெட் பைப் முனையில இருக்கிற சின்ன வலையைப் பாருங்க. போர் தண்ணி ஓடுற ஊர்ல மணலும் உப்பும் அங்கேதான் குடியிருக்கும். தண்ணி வெளியேறலைன்னா ட்ரெய்ன் பைப் மடங்கியிருக்கலாம், இல்ல உங்க பாக்கெட்ல இருந்த சில்லறை உள்ளே அடைச்சிருக்கலாம்.

எதைத் தொட்டாலும் முதல்ல ப்ளக்கைப் பிடுங்கணும். மைக்ரோவேவ் அவனை மட்டும் கழட்டவே கழட்டாதீங்க. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்ல உயிருக்கே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அங்கே ஹீரோயிசம் வேண்டாம்!

இன்னொண்ணு, பொருள் வாரண்டியில இருக்கான்னு பில்லைத் தேடிப் பாருங்க. பல ஃப்ரிட்ஜ்ல மொத்தப் பொருளுக்கு 1 வருஷம்தான் வாரண்டி, கம்ப்ரசருக்கு மட்டும் 10 வருஷம் வரைக்கும் தருவாங்க. அப்போ கம்ப்ரசர் இலவசமா வந்தாலும் லேபர், கேஸ், விசிட்டுக்கெல்லாம் காசு கேட்கலாம். அந்தப் பொடி எழுத்தை இப்பவே படிச்சிடுங்க. ஃப்ரிட்ஜ் ஹவுஸ் ஓனரோடதுன்னா, அவர்கிட்ட சொல்லாம கை வைக்காதீங்க!

போன்ல கேட்க வேண்டிய நாலு கேள்வி

விசிட்டிங் சார்ஜ் எவ்வளவு? 18 சதவீத ஜி.எஸ்.டி. அதுலேயே சேர்ந்ததா, தனியா? ரிப்பேர் பண்ணினா இந்தத் தொகையை லேபர்ல கழிப்பீங்களா? ஃபால்ட் என்னன்னு கண்டுபிடிக்க முடியலைன்னாலும் இதைக் கொடுக்கணுமா? இந்த நாலையும் கேட்டு, பதிலை எஸ்.எம்.எஸ். இல்ல வாட்ஸ்அப்ல வாங்கிட்டா, வாசல்ல நின்னு சண்டை போட வேண்டியதில்லை.

நம்பரை எங்கே எடுக்கிறீங்கங்கிறதும் முக்கியம். இணையத்துல தேடினவுடனே மேலே வர்ற 'கஸ்டமர் கேர்' எல்லாம் கம்பெனியோடது இல்ல. பொருள்ல ஒட்டின ஸ்டிக்கர், வாரண்டி கார்டு, இல்ல கம்பெனியோட சொந்த இணையதளம், இதுல இருக்கிற நம்பரை நம்புங்க. "புக் பண்ண 10 ரூபாய் அனுப்புங்க, ஓ.டி.பி. சொல்லுங்க, இந்த ஆப்பை இறக்குங்க"ன்னா கட் பண்ணிடுங்க. ஏற்கெனவே பணம் போயிடுச்சுன்னா லேட் பண்ணாம 1930-க்கு அடிங்க. அது சைபர் க்ரைம் உதவி எண்.

அறிகுறியைச் சொல்லுங்க, நோயைச் சொல்லாதீங்க

"கேஸ் போயிடுச்சு போலண்ணா..." ஃப்ரிட்ஜ், ஏ.சி. விஷயத்துல நாம அடிக்கடி விடுற டயலாக் இது. நீங்களே நோயைச் சொல்லிட்டா, அவர் மருந்தோட வந்து நிப்பார்! "மேலே ஃப்ரீசர்ல ஐஸ் கட்டுது, கீழே கூலிங் இல்ல"ன்னு நடக்கிறதை மட்டும் சொல்லுங்க. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜா இருந்தா இதுக்குக் காரணம் பெரும்பாலும் கேஸ் இல்ல. உள்ளே ஐஸ் கட்டாமப் பார்த்துக்கிற ஹீட்டரோ, அதோட சென்சாரோ, குளிர்காத்தைக் கீழே தள்ளுற ஃபேனோ இருக்கலாம்.

கேஸ் பத்தி ஒரு விஷயம் மனசுல எழுதி வெச்சுக்குங்க. அது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்றது இல்ல. மூடின குழாய்க்குள்ளேயே சுத்திச் சுத்தி வரும். குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக்னு அர்த்தம். "கேஸ் ஃபில் பண்ணணும்"னு சொன்னா, "எங்கே லீக்குண்ணா? அதை அடைச்சிட்டுத்தானே ஃபில் பண்ணுவீங்க?"ன்னு கேளுங்க. லீக்கை அடைக்காம நிரப்பினா, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தின கதைதான். இப்போ வர்ற ஃப்ரிட்ஜ் பலதுல இருக்கிறது ஆர்-600ஏங்கிற ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக் கூடிய வாயு. அதனால தெரிஞ்சவர் கைதான் அதுல படணும்.

கேஸ் மட்டுமில்ல, "கம்ப்ரசர் போச்சு", "போர்டு போச்சு" எதுவானாலும் அடுத்த கேள்வி இதுதான்: "எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்." சந்தேகப்படுற தொனியில இல்ல, தெரிஞ்சுக்கிற ஆசையில கேளுங்க. வேலை தெரிஞ்சவர் மீட்டரை வெச்சுக் காட்டி, ரிலே நல்லா இருக்கு, ஓவர்லோடு நல்லா இருக்கு, அதனால கம்ப்ரசர்தான்னு படிப்படியா விளக்குவார். அவருக்கு அது பெருமை. பார்க்காமலேயே சொன்னவர்தான் "அதெல்லாம் உனக்குப் புரியாதுப்பா"ன்னு நழுவுவார். நீங்க கட்டின 400 ரூபாயோட மதிப்பு இந்த அஞ்சு நிமிஷத்துலதான் இருக்கு!

பில் வாங்கினாத்தான் பேச்சு

என்ன ஃபால்ட், எந்த பார்ட், அதோட விலை, லேபர் எவ்வளவு, மாத்தின பார்ட்டுக்கு எத்தனை நாள் வாரண்டி, எல்லாம் பில்லில் தனித்தனியா இருக்கணும். கழட்டின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க. ஒண்ணுமே மாத்தாம விசிட்டிங் சார்ஜ் மட்டும் கொடுத்தாலும், என்ன பார்த்தார்னு ரெண்டு வரி எழுதி வாங்குங்க. நாளைக்கு வேற ஒருத்தரைக் கூப்பிட்டா, அந்த ரெண்டு வரி உதவும்.

பில் கேட்கிறது கௌரவக் குறைச்சலான விஷயம் இல்ல மக்களே! 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செஞ்ச சேவைக்கு பில் தராம இருக்கிறதே முறையற்ற வணிக நடைமுறை. செய்யாத வேலைக்குக் காசு வாங்கினா, மாத்தாத பார்ட்டை மாத்தினதா எழுதினா, முதல்ல 1915-க்கு போன் போடுங்க. அது தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கேயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. நாம கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா புகாருக்குக் கட்டணமே கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், அவ்வளவுதான். ஆனா, கையில பில் இல்லைன்னா நம்ம நியாயத்தை நிரூபிக்கிறதுக்குள்ள நாக்கு தள்ளிடும்!

படம் பார்த்தா ரேட்டிங் போடுறோம், பிரியாணி சாப்பிட்டா ரேட்டிங் போடுறோம். உங்க க்ளாஸ் குரூப்ல இனிமே இன்னொரு லிஸ்ட்டும் ஆரம்பிங்களேன். 'ஒண்ணும் கெடலைன்னு சொல்லிட்டு, விசிட்டிங் சார்ஜ் மட்டும் வாங்கிட்டுப் போன மெக்கானிக் அண்ணன்கள்' லிஸ்ட். பேர் சேர்க்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. உண்மை பேசினா அடுத்த பத்து வேலை தேடி வரும்னு தெரிஞ்சா, எந்த மெக்கானிக் அண்ணன்தான் வேண்டாம்பார்?