கப்பலேறத் தெரிந்தவர்கள்

அலோர் காஜா வட்டாரத் தமிழரிடையே உல்லாசக் கப்பல் பயணம் இன்று புதுமையன்று. சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலை ஏறிக் கிள்ளான் துறைமுகத்திற்கோ சிங்கப்பூருக்கோ சென்று, மூன்று நான்கு நாள் கடலில் உலவித் திரும்பும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் சிறு வணிகர்களும் உண்டு. அவர்களுள் அடிக்கடி செல்வோர் பிறர்க்கு வழிகாட்டக் குறிப்புகளும் எழுதுகின்றனர். அக்குறிப்புகள் பயனற்றவை அல்ல. தலைசுற்றலுக்கு அஞ்சுவோர் கப்பலின் நடுப்பகுதியில், கீழடுக்கில் அறை கேட்க வேண்டும்; முன்முனையிலும் பின்முனையிலும் ஆட்டம் மிகுதி. அன்றாடம் உண்ணும் மருந்தைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடலாகாது. பெட்டி அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். கடப்பிதழுக்கு ஆறு திங்களேனும் ஆயுள் இருத்தல் வேண்டும். கரையிறங்குவோர் கைக்கடிகாரத்தைக் கப்பலின் நேரத்திற்கே வைத்திருக்க வேண்டும். பிந்தியவருக்காகக் கப்பல் காத்திராது. அபாய ஒத்திகையைச் சலிப்பென்று ஒதுக்குவோருக்கு ஒரு செய்தி: 2012 சனவரியில் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்தா கொங்கோர்டியாவில் 32 பேர் மாண்டனர். அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அந்த ஒத்திகை நடந்திருக்கவே இல்லை.

இவையெல்லாம் அறியத்தக்கவையே. ஆயினும் இவற்றை எழுதுவோர், மலேசியத் தமிழனின் கடலறிவு தம்மிடமிருந்து தொடங்குவதாக எண்ணிக்கொண்டு எழுதுகின்றனர். தம் பாட்டனைப் பற்றி ஒரு வரி எழுத நேர்ந்தால் அது கண்ணீர் வரியாக இருக்கும். பாட்டன் ஏமாற்றப்பட்டான், மூட்டைபோல் ஏற்றப்பட்டான், வழிநெடுக அழுதான், வந்து சேர்ந்தான். அதற்குமேல் அந்தப் பாட்டனுக்குக் கப்பலில் வேலையில்லை. இப்படி எழுத அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? மலேசியத் தமிழ் எழுத்துலகமே. பல்லாண்டுகளாக மேடைப் பேச்சும் ஆண்டு மலர்க் கவிதையும் பள்ளிக் கட்டுரையும் கப்பலைக் கண்ணீரால் நிரப்பிவிட்டன. அக்கப்பலில் ஏறியவனுக்கு அறிவும் இருந்தது என்பதை எழுதுவதற்கு இடமே மிஞ்சவில்லை.

கண்ணீர் பொய்யென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு பகுதி இரவல் கண்ணீர். டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் பாய்மரக் கப்பலில் ஏறத்தாழ மூன்று திங்கள் மிதந்தனர். போனவருள் பெரும்பாலோர்க்கு அஃது ஒரே பயணம். அதனாற்றான் ஒரே கப்பலில் வந்தவன் உடன்பிறப்புக்குச் சமமானான். ‘ஜஹாஜி பாய்’ என்னும் சொல் அங்குப் பிறந்தது. மலாயாவின் கதை வேறு. நாகப்பட்டினத்திலிருந்து நீராவிக் கப்பல் ஏறியவன் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பினாங்கை அடைந்தான். இருந்தான், திரும்பினான், மீண்டும் வந்தான். கெர்னியல் சிங் சாந்து 1969இல் வெளியிட்ட ஆய்வு நூல், 1786 முதல் 1957 வரை மலாயாவுக்கு வந்த இந்தியர் ஏறத்தாழ 42 இலட்சம் என்றும், திரும்பியோர் ஏறத்தாழ 30 இலட்சம் என்றும் கணக்கிடுகிறது. அந்த இடைவெளிக்குள் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் இரையான பெருங்கூட்டம் உண்டு. அதை மறப்பவன் மனிதனல்லன். ஆனால் திரும்பிய 30 இலட்சத்தையும் மறக்கலாமா? போனவர் மறுபடி வரும்போது இன்னொரு தலையாக எண்ணப்பட்டார். மலாயாத் தமிழருள் ஒரு பெரும் பகுதியினர், இன்றைய வழக்கில் சொல்வதானால், அடிக்கடிக் கப்பற்பயணம் செய்தவர்கள்.

மலாக்கா மாநிலத்திற்கு இதில் தனி உரிமை உண்டு. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பரைப் பயிரிட்டபோதுதான் மலாயாவின் வணிக ரப்பர்த் தொழிலே தொடங்கிற்று. பின்னர்க் காடெக், ரெம்பியா, கெமுனிங், மாச்சாப், தெபோங் என்று ஊர் ஊராகப் பால்மரம் பரவ, ஆள்தேவை பெருகிற்று. போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவன் ரயிலேறித் தம்பினுக்கு வந்தான். தம்பின் நிலையம் நிற்பது அலோர் காஜா மாவட்டத்துப் புலாவ் செபாங்கில்தான். அங்கிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப்பாதையும் இருந்தது. ஜப்பானியர் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம் மரண ரயிலுக்குப் போயின. தோட்டத்து ஆட்களும் அங்கேயே போயினர். ஆக, இவ்வட்டாரத்தில் லயத்து வீட்டுக் குழந்தைக்குக்கூடக் கப்பல், ரயில், வண்டி என்ற வரிசை தெரிந்திருந்தது.

ரஜூலா என்ற பெயரைக் கேட்டால் எழுபதைத் தாண்டியவர் முகம் இன்றும் மாறும். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கப்பற்கழகத்திற்காகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிய கப்பல் அது. அதனுடன் பிறந்த ரோனா 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரரோடு மூழ்கிற்று. ரஜூலா போரையும் தாண்டி மீண்டும் இதே பாதைக்கு வந்தது. எண்ணாயிரம் டன்னைச் சற்றே தாண்டிய அக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. இன்று இப்பகுதித் தமிழர் விரும்பி ஏறும் கெந்திங் டிரீம் 1,50,000 டன். அது ஏற்பதோ 3,400க்கும் உட்பட்ட பயணிகளை. இவ்விரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தக் கப்பலில் பயணம் செய்யக் கூடுதல் திறமை வேண்டும் என்பது விளங்கும்.

அத்திறமை எத்தகையது? தளப் பயணிக்கு எண்ணிட்ட படுக்கை கிடையாது; பாய் விரித்த இடமே அவனிடம். புகைபோக்கியின் வெப்பமும் கழிப்பிடத்தின் நாற்றமும் மழைச்சாரலும் எட்டாத இடத்தை ஏறிய சில நிமிடங்களுக்குள் கண்டாக வேண்டும். ஆட்டம் குறைந்த நடுப்பகுதியை இன்றைய குறிப்பாளர் விலைகொடுத்து வாங்குகிறார்; அன்றைய பயணி கால்விரைவால் பிடித்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையணையாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் சென்றுதான் ஏற வேண்டும். எனவே எந்தப் படகில் ஏறுவது, மூட்டைகளை எப்படிப் பிரித்துக்கொள்வது, குழந்தையை யார் தூக்குவது என்பன கரையிலேயே முடிவாக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் புயல். தைக்குப் பின் கடல் அடங்கும். விடுப்பும் கைக்காசும் ஒத்துவந்தால் தை முதல் பங்குனி வரை போவதே நன்று. உமட்டலுக்கு எலுமிச்சை ஊறுகாய், சுக்கு. கப்பற்சோறு ஒவ்வாத நாளுக்கு அவல். அம்மைக் குத்திய சான்று பெட்டிக்குள் அன்று, மடியில். ஊர் திரும்புகையில் கோடாலித் தைலமும் துணியும் எவ்வளவு கொண்டுபோனால் சென்னைச் சுங்கத்தார் வினவாமல் விடுவர் என்ற கணக்கு வேறு. மூன்று பிள்ளைகளோடு தனியே ஊருக்குப் போய்த் திரும்பிய பெண்கள் இக்கணக்கை ஆண்களைவிட நன்றாக அறிந்திருந்தனர். அவர்களைப் பற்றி எழுதப்பட்டது எவ்வளவு என்று தேடினால் கையளவு கிடைத்தால் மிகுதி.

இதை வீட்டுக்குறிப்பென்று எள்ளுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த அறிவுதான் தொழிலாளியைக் கங்காணியின் கையிலிருந்து விடுவித்தது.

முதன்முறை வந்தவனுக்குக் கப்பல் தெரியாது. ஆவடி முகாம் தெரியாது. கேட்கப்படும் கேள்விக்கு எப்படி விடையிறுப்பது என்பதும் தெரியாது. தெரிந்தவன் ஒருவனே. அவன் கங்காணி. பலமுறை போய்வந்தவன், வழி அறிந்தவன், ஆளுக்கு இவ்வளவென்று தரகு பெற்றவன். தோட்டத்திற்கு வந்தபின்னும் தன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றவன். கடலறிவு அவன் கையில் இருக்கும்வரை அது சாட்டைக்கு நிகர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, முதலாளிமாரிடம் திரட்டிய பணத்தில் பயணம் இலவசமானது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. அதன்பின் ஒருமுறை வந்து திரும்பியவன் அடுத்தமுறை கங்காணியைத் தேடவில்லை. தானே முகாமுக்குச் சென்று பெயர் கொடுத்தான். தன் தம்பியையும் மைத்துனனையும் தானே அழைத்து வந்தான். இவ்வாறு கங்காணியின்றி வந்தோர் தொகை 1920களில் ஏறிக்கொண்டே போயிற்று. 1938இல் இந்திய அரசு உதவிபெறும் குடியேற்றத்தைத் தடைசெய்தபோது கங்காணி முறை ஏற்கெனவே தளர்ந்திருந்தது. சட்டங்கள் அதைத் தளர்த்தின என்று வரலாற்று நூல்கள் எழுதும். ஊறுகாய்ச் சாடியோடு இரண்டாம் முறை கப்பலேறியவனும் தளர்த்தினான் என்று எழுதவேண்டியவர் தமிழ் எழுத்தாளர். அவரோ அழுதுகொண்டிருந்தார்.

2020 பிப்ரவரியில் டயமண்ட் பிரின்சஸ் என்னும் உல்லாசக் கப்பல் ஜப்பானின் யோகோகாமாவில் நிறுத்திவைக்கப்பட்டது. அதிலிருந்த 3,711 பேருள் எழுநூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொரோனா தொற்றிற்று. அறைக்குள் அடைபட்டவர் நிலை உலகையே உலுக்கியது. கீழ்த்தளத்தில் ஒரே அறையில் பலராய்த் தங்கி உணவு பரிமாறிய பணியாளருள் தமிழ்நாட்டாரும் இருந்தனர். அப்போது மலேசியத் தமிழ்க் குறிப்பாளர்கள் இதனை முன்னுதாரணமற்ற நிகழ்ச்சி என்று எழுதினர். பினாங்குக்கு எதிரே உள்ள ஜெரெஜாக் தீவைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலும். கப்பலில் ஒருவனுக்கு அம்மையோ வாந்திபேதியோ கண்டால் தளப் பயணிகள் அத்தீவில் நாள் எண்ணிக்கொண்டு கிடந்தனர். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பாத்திரத்தைப் பிறரோடு பகிராதே, பிள்ளையின் உடம்பு சுட்டால் மறைக்காதே, மறைத்தால் எல்லார்க்கும் நாள் கூடும் என்பன அங்குச் சென்றுவந்தோர் கற்ற பாடங்கள். நூறாண்டு கழித்து அதே பாடத்தைச் செய்தித்தாளில் புதிதாய்ப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம், கற்றவனின் சொல்லை எவரும் எழுதிவைக்காததே.

இனியும் எழுதலாமா என்றால், காலம் குறுகிக்கொண்டு வருகிறது. ரஜூலா போனபின் இந்தியக் கப்பற்கழகத்தின் சிதம்பரம் ஓடிற்று. 1980களின் நடுவில் கடலில் தீப்பற்றி உயிர்ப்பலியோடு அதன் காலமும் முடிந்தது. ரஜூலாவின் கடைசி ஆண்டில் இருபது வயதினராக ஏறியவர்க்கே இன்று எழுபதுக்கு மேல். அலோர் காஜாவைச் சுற்றிய ரப்பர்த் தோட்டங்களுள் பல எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயங்களைக் காலிசெய்து நகர்ப்புற வீட்டுக்குப் போனவர்கள் துருப்பிடித்த டிரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டனர். உள்ளே மடித்துவைத்திருந்த பயணச் சீட்டும் தடுப்பூசிச் சான்றும் அதனோடு போயின. கப்பற்கழகத்தின் கணக்கேடுகள் காக்கப்பட்டுள்ளன. குடிநுழைவு அதிகாரிகளின் ஆண்டறிக்கைகள் நூலகங்களில் உள்ளன. பாய் விரித்தவன் பக்கத்துச் சான்று அவன் நினைவு மட்டுமே.

ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி நடத்தும் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிகளும் கற்பனைக் கப்பற்பயணம் எழுதச் சொல்லிப் பிள்ளைகளைத் துன்புறுத்துவதை இந்த ஓராண்டேனும் நிறுத்தட்டும். காடெக்கிலோ ரெம்பியாவிலோ திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியிடம் அப்பிள்ளைகளை அனுப்பட்டும். எப்படி அழுதீர்கள் என்று கேட்க வேண்டா. அதை அவர் கேளாமலே சொல்வார். எத்தனை முறை போனீர்கள்? எந்த மாதம்? கப்பலின் எந்தப் பக்கம் பாய் விரித்தீர்கள், ஏன்? சான்றிதழை எங்கே முடிந்துவைத்தீர்கள்? பக்கத்துப் பாயில் யார் இருந்தார்கள், அவர்கள் எந்தத் தோட்டத்திற்குப் போனார்கள்?