வாடகை கொடுப்பவனுக்கு வாய் கிடையாதா?

ஓசூரில் இரண்டு வகை வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பாகலூர் சாலைப் பக்கம் லிஃப்ட் வைத்த அபார்ட்மெண்டில் குடியிருக்கிறார். தில்லியிலிருந்தோ லக்னோவிலிருந்தோ வந்தவர், ஏதோ ஒரு கம்பெனியில் மேனேஜர். இன்னொருவர் மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில், ஒற்றை அறையில் ஐந்தாறு பேரோடு படுத்துக்கொள்கிறார். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவர், அதே மாதிரி ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் முதலாமவர் நமக்கு 'நார்த் இந்தியன் சார்'. இரண்டாமவர் 'வடக்கன்'.

சாருக்கு நம்மைப் பற்றி நிறையக் கருத்து உண்டு. தமிழ்நாட்டு அரசியல் முழுக்க இலவசம், சினிமா மோகம். பெண்களுக்கு எதற்கு ஃப்ரீ பஸ்? இந்தி கற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? ஆட்டோக்காரர்கள் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்? இதையெல்லாம் அவர் காபி குடித்துக்கொண்டே சொல்வார். நம் ஆட்களில் பாதிப்பேர் தலையாட்டுவார்கள். மீதிப்பேர் மரியாதையாக, ஆங்கிலத்தில், மறுத்துப் பேசுவார்கள். அதாவது அவர் சொல்வது ஒரு கருத்து என்பதில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

லைன் வீட்டுக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. அவராக வாயைத் திறந்தால், "பொழைக்க வந்த இடத்துல என்னடா பேச்சு" என்று ஒரே போடு.

எனக்கு இந்தப் பாகுபாட்டின் மேல்தான் கோபம். ஓர் ஊரில் உழைத்து, அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, அந்த ஊர்ப் புகையைச் சுவாசிக்கிற யாருக்கும் அந்த ஊர் அரசியலைப் பற்றிப் பேச உரிமை உண்டு. அது மாதச் சம்பளத்தைப் பார்த்துக் கொடுக்கிற சலுகை இல்லை.

"நீ யாருய்யா இதைச் சொல்ல?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. படித்தது தமிழ். சந்தையில் பேரம் பேசக் கன்னடம். எங்கள் தெருவில் உருதும் உண்டு. இது தனிப்பெருமை இல்லை, இந்தப் பகுதியில் சாதாரண விஷயம். ஊர்ப் பெயரைப் பாருங்களேன். பேகேப்பள்ளி, ஜூஜூவாடி, கெலமங்கலம், தளி. ஓசூர் என்பதே கன்னடத்து 'ஹொச ஊரு', புது ஊர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இங்கிருந்து கூப்பிடு தூரம். 2024 ஜூனில் கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி எடுத்தார், முடிக்கும்போது நன்றி, வணக்கம் என்று தமிழில் முடித்தார். வெளியே இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். எங்களுக்கு அதில் திகைக்க ஒன்றும் இல்லை. தெலுங்கில் பேசுகிறவன் தமிழ்நாட்டு அரசியலில் முழு ஆளாக இருக்க முடியும் என்பது எங்கள் பாட்டன் காலத்திலேயே முடிந்துபோன விவகாரம்.

அப்படிப்பட்ட ஊரில் இன்றைக்கு 'வந்தேறி' என்ற சொல் சரளமாகப் புழங்குகிறது. அதைச் சொல்கிறவர்களில் பலர் லைன் வீட்டு ஓனர்கள். சிப்காட் 1970களில் இங்கே வந்தது. பிறகு டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. கேழ்வரகு விளைந்த நிலத்துக்கு விலை வந்தது. நிலத்தை விற்ற காசில் வரிசையாக அறைகளைக் கட்டினோம். என் உறவுக்காரர்களிலேயே எத்தனையோ பேர் அந்த வாடகையில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். அறைக்கு இவ்வளவு என்றில்லாமல் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். கையில் வாடகைப் பணம், வாயில் வந்தேறி. இது என்னங்க நியாயம்?

சரி, அவர்கள் என்னதான் நினைக்கிறார்கள்? எனக்குத் தெரிந்தவரை ஒரே மாதிரி நினைப்பதில்லை. டீக்கடையில் பழக்கமான ஒரு ஒடியாப் பையன், இங்கே அரசுப் பள்ளியில் தினமும் முட்டை போடுவதை ஒரு அதிசயம் போலச் சொன்னான். அண்ணன் குழந்தையை இங்கே சேர்த்திருக்கிறார்கள், அது இப்போது வீட்டுக்குள் தமிழில் திட்டுகிறதாம். அதே பையன்தான், "அண்ணா, இங்க கவர்மெண்ட் எல்லா இடத்துலயும் இருக்கு, கம்பெனி கேட் கிட்ட மட்டும் இல்ல" என்றான். திராவிட மாடல் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளில் இவ்வளவு கச்சிதமான விமர்சனத்தைப் பார்த்ததில்லை. மேனேஜர் சார் வீண்செலவு என்கிற அதே டவுன் பஸ்ஸில் ஜார்க்கண்ட் பெண்கள் டிக்கெட் இல்லாமல் ஏறுகிறார்கள். 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நீ எந்த மாநிலம் என்று கண்டக்டர் கேட்பதில்லை. அந்தப் பெண்களிடம் அந்த பஸ்ஸைப் பற்றிக் கேட்டால், சார் சொல்லாத ஏதாவது ஒன்று கிடைக்கும். கேட்டால்தானே.

அவர்கள் கேட்காமலே பேசிய தருணமும் உண்டு. 2025 நவம்பரில் ஓசூரை அடுத்த நாகமங்கலம் அருகே ஒரு மின்னணு ஆலையின் பெண்கள் விடுதியில், குளியலறையில் ரகசிய கேமரா வைக்கப்பட்டது தெரியவந்தபோது, பெண் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியே வந்து ராத்திரியில் உட்கார்ந்து போராடினார்கள். அங்கே யாரும் மாநிலம் பிரித்து உட்காரவில்லை. பாதுகாப்பாக வாழ வேண்டும் என்பது ஓர் அரசியல் கருத்து. அதைச் சொல்ல அவர்களுக்குத் தமிழில் பிழையில்லாமல் பேசத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இந்தப் பாகுபாடு நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. தாய்லாந்தை எடுத்துக்கொள்வோம். பட்டாயாவிலும் சியாங் மாயிலும் ஐரோப்பிய, அமெரிக்க ஓய்வூதியக்காரர்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கிறார்கள். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், வாக்குரிமை கிடையாது. ஆனாலும் 2006, 2014 ராணுவப் புரட்சிகள் முதல் நடைபாதைக் கடைகள் வரை அவர்கள் சொல்லாத கருத்து இல்லை. அதே நாட்டில் மியான்மரிலிருந்து வந்த தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பாங்காக் பக்கத்திலுள்ள சமுத் சாக்கோனில் உலகத்துக்கே இறால் உரித்துத் தருகிறவர்கள் அவர்கள்தான். 2020 டிசம்பரில் அங்கே இறால் சந்தையில் கொரோனா பரவியபோது அவர்கள் தங்கியிருந்த குடியிருப்பைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். தாய்லாந்துச் சட்டப்படி அவர்கள் தாங்களாக ஒரு தொழிற்சங்கம் தொடங்க முடியாது. வெள்ளைக்காரர் 'எக்ஸ்பாட்', பர்மியர் 'மைக்ரன்ட்'. நம் ஊர்ச் சாரும் வடக்கனும் போலத்தான்.

ஆனால் அங்கேயும் எக்ஸ்பாட்டின் கருத்துக்கு ஓர் எல்லை உண்டு. மன்னர் குடும்பத்தை அவமதித்ததாகச் சொல்லும் 112ஆம் பிரிவில் ஒரு குற்றச்சாட்டுக்கு மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை. 2025 ஏப்ரலில் நரேசுவான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அமெரிக்க ஆய்வாளர் பால் சேம்பர்ஸ் அதே பிரிவில் கைதானார். மே மாதம் வழக்கு கைவிடப்பட்டது, அவரும் நாட்டைவிட்டு வெளியேறினார். தாய் ராணுவத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் படித்து எழுதியவர் அவர். அரசுக்குப் பிடிக்காததைச் சொன்னதும் சட்டென்று 'வெளிநாட்டான்' ஆகிவிட்டார். இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வெளியாள் வாயை மூடு என்று சொல்லிப் பழகிய ஓர் அரசு, உள்ளாளை அதைவிடச் சுலபமாக மூடவைக்கும். அந்தப் பிரிவில் சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்தான்.

தாய்லாந்துக் கதையாவது வேறு நாடு, வேறு குடியுரிமை. ஒடியாப் பையன் எந்த நாட்டிலிருந்து வந்தான்? அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, இந்தியாவில் எங்கும் போகவும் எங்கும் வசிக்கவும் அவனுக்கு உரிமை தருகிறது. அதே பிரிவை நம்பித்தான் ஓசூரிலிருந்து தினமும் காலையில் ஆயிரக்கணக்கான பேர் அத்திப்பள்ளியைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் போகிறார்கள். அந்த எல்லைக்கு அந்தப்பக்கம் நாம்தான் வடக்கன்.

1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டதை எங்கள் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்ததை நாமே பார்த்தோம். அதற்குப் பிறகு பல நாள் மூட்டை முடிச்சோடு ஜனங்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தார்கள். 2023 அக்டோபரில் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன இளைஞர்கள். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் ஆலைகளில் மேலாளர் நிலையில் 50 சதவீதம், மற்ற வேலைகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்ற மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தொழில்துறை கத்தியதால் ஓரிரு நாளில் நிறுத்தி வைத்தார்கள். அப்போது நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? "இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்." சரிதான். ஆனால் 2021 தேர்தலில் தமிழ்நாட்டில் 75 சதவீத வேலை தமிழர்களுக்கு என்று திமுக வாக்குறுதி தந்தபோது அந்தச் சட்டம் யார் நினைவுக்கும் வரவில்லை.

"அதெல்லாம் சரிங்க, ஓட்டு விஷயம் வேற" என்பார்கள். இது கொஞ்சம் கனமான ஆட்சேபம், தட்டிக்கழிக்க மாட்டேன். 2025 ஆகஸ்டில் ப. சிதம்பரம், பீகாரிலிருந்து இடம்பெயர்ந்த 6.5 லட்சம் பேர் தமிழ்நாட்டு வாக்காளர்களாகச் சேர்க்கப்படுவதாகச் சொல்லி அதைச் சட்டவிரோதம் என்றார். தமிழ்நாட்டில் பட்டியல் திருத்தமே இன்னும் தொடங்கவில்லை, தகவல் தவறு என்றது தேர்தல் ஆணையம். ஆணையத்தின் மேல் சந்தேகப்பட நமக்குக் காரணங்கள் இருக்கலாம். பட்டியலில் தில்லுமுல்லு நடந்தால் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது, நீ இந்தத் தொகுதியில் வழக்கமாக வசிக்கிறாயா, பதினெட்டு வயது ஆயிற்றா என்பதைத்தான். தாய்மொழியைக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எங்கள் ஊரில் வாக்காளர் பட்டியல் ரொம்பச் சின்னதாக இருக்கும்.

அவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்குப் போடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. இருக்கட்டும். அந்தக் கட்சியை எனக்கும் பிடிக்காது. ஆனால் அதற்கு மருந்து அவர்களிடம் போய்ப் பேசுவது. தெலுங்கு பேசும் எங்களிடம் கட்சிக்காரர்கள் தெலுங்கில்தான் ஓட்டுக் கேட்டார்கள். அதே மெனக்கெடல் மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் ஏன் நடப்பதில்லை? சமூகநீதி என்பது உண்மையிலேயே நல்ல சரக்கு என்றால், பீகாரிலிருந்து வந்த ஒரு தலித் தொழிலாளியிடம் அதை விற்கத் தெரியாதா?

இந்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தித் திணிப்பை நான் எதிர்க்கிறேன். பேங்க் கவுண்டரில் தமிழ் தெரியாத அதிகாரி உட்கார்ந்துகொண்டு என் அம்மாவை இந்தியில் விரட்டினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அவர் கையில் அதிகாரம் இருக்கிறது. லைன் வீட்டுப் பையன் கையில் டிபன் பாக்ஸ்தான் இருக்கிறது. இந்தித் திணிப்பு தில்லியிலிருந்து சுற்றறிக்கையாக வருகிறது, ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டு வரவில்லை. 2022 மே மாதம் ஒரு பட்டமளிப்பு மேடையில் அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, இந்தி படித்தவர்கள் பானிபூரி விற்கிறார்கள் என்று கேலி செய்தார். மேடையில் ஆளுநரும் இருந்தார். ஆளுநருக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பானிபூரிக்காரர் தலையில் இறக்கினார்கள். அடுத்த வருடம் மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் கிளம்பின. அது அப்பட்டமான பொய். பீகார் அரசே குழு அனுப்பிப் பார்த்தது. ஆனால் அந்தப் பொய் அவ்வளவு வேகமாக நம்பப்பட்டதற்கு, நாம் கேலியாகச் சொல்லிச் சொல்லிச் சேர்த்துவைத்த சொற்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

என்ன செய்யலாம்? பெரிய தத்துவம் வேண்டாம். சூளகிரி, கெலமங்கலம் பக்கம் புதிய ஆலைகள் நிற்பது ஊராட்சிகளில். கிராம சபையில் உறுப்பினராக இருக்க வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். ஆலைத் தண்ணீர், குப்பை, தெருவிளக்கு பற்றி அங்கே தீர்மானம் போடும்போது, அந்த ஊரில் தூங்குகிறவர்களில் எத்தனையோ பேருக்குக் கை தூக்க உரிமை இல்லை. விருப்பமுள்ளவர்கள் பெயர் சேர்க்கக் கட்சிகளே உதவட்டும். தொழிற்சங்கங்கள் ஒடியாவிலும் இந்தியிலும் துண்டறிக்கை அடிக்கட்டும். காண்ட்ராக்ட் ஆட்கள் நிலையில்லாதவர்கள், சந்தா தேறாது என்று ஒதுக்குவதை நிறுத்தட்டும். நம் இலக்கியப் பத்திரிகைகள் புலம்பெயர்ந்த தமிழர் எழுத்துக்குத் தனி இதழ் போடுகின்றன. நல்லது. நம் ஊருக்குப் புலம்பெயர்ந்து வந்தவர்கள் நம்மைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று ஒருமுறையாவது மொழிபெயர்த்துப் போடுங்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி எனக்குப் பிடிக்காமல் போகலாம். பெரியாரைத் திட்டலாம். நம் சாம்பாரைத் திட்டலாம். பிடிக்கவில்லை என்றால் சண்டை போடுவோம். மேனேஜர் சாரோடு போடுகிறோமே, அதே மாதிரி, சமமாக உட்கார்ந்து.