பேட்டரி வைத்தவர்களும் மிதிக்கிறோம்
கிழக்குக் கடற்கரைச் சாலை ஞாயிறுச் சவாரிக்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ஞாயிறு விடியலில் திருவான்மியூரிலிருந்து தெற்கே மிதிக்கும் சைக்கிள்காரர்கள் அனைவரும், அவர்களைக் கூட்டிச் செல்லும் குழு அமைப்பாளர்கள், எங்களுக்கு வண்டி விற்றவர்கள், மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும், கடைசியாக, நாங்களே.

நாங்கள் இ-சைக்கிள் ஓட்டுகிறவர்கள். கொஞ்சம் பேர்தான், டீக்கடை பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தால் அடங்கிவிடுவோம். காலை ஐந்தேகாலுக்கு உங்களோடுதான் கிளம்புகிறோம். உங்களைத் துரத்துகிற நாய்தான் எங்களையும் துரத்துகிறது, உங்களை உரசிப் போகிற தண்ணீர் லாரிதான் எங்களையும் உரசுகிறது. ஆனால் முத்துக்காடு பாலம் ஏறும்போது உங்களில் ஒருவரை நாங்கள் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு சொல் வருகிறது: "மோட்டாரு!" சில நாள் சிரிப்போடு, சில நாள் சிரிப்பில்லாமல்.

இதற்கெல்லாம் ஒரு சாசனமா என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். மூன்று ஞாயிறு உட்கார்ந்து பேசினோம். பேசப் பேச, எங்கள் மனக்குறையில் பாதிக்கு நீங்கள் காரணம் என்றால் மீதிக்கு நாங்களே காரணம் என்று தெரிந்தது. ஆகவே உங்களிடம் கேட்பதும் இதில் இருக்கிறது, எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்வதும் இருக்கிறது. எங்களிடம் சாலை மரியாதையைக் கறாராகக் கேளுங்கள். ஏன் இந்த வண்டி என்ற விளக்கத்தை மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் வண்டியைப் பற்றி, ஏனென்றால் சண்டையில் பாதி அது தெரியாமல் வருவது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்க வேண்டும். வேகம் ஏற ஏறத் தளர்ந்து மணிக்கு 25 கி.மீ.யில் முழுதாக ஓய்ந்துவிட வேண்டும். இதற்குள் அடங்கினால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவு எண் வேண்டாம், உரிமம் வேண்டாம். இப்போது கணக்குப் போடுங்கள். உங்களில் பழகிய கால் உள்ளவர் சமதளத்தில் 30இல் போகிறார். அந்த வேகத்தில் எங்கள் மோட்டார் தூங்குகிறது. உங்கள் வண்டி 9 கிலோ, எங்களுடையது 22. உங்கள் பின்னால் மூச்சு வாங்க வரும் அந்த நேரத்தில் பேட்டரியையும் சேர்த்து நாங்கள்தான் இழுக்கிறோம். மோட்டார் எங்களுக்குக் கைகொடுப்பது சிக்னலில் கிளம்பும்போது, எதிர்க்காற்றில், அப்புறம் அந்த ஒரு பாலத்தில். இந்தச் சாலையில் மலை இல்லாததால் பாலத்தை மலையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். மானப்பிரச்சினை எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

எங்களைப் பார்த்துச் சொல்லப்படும் "ஏமாத்து" என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். 2016இல் பெல்ஜியத்தின் ஸோல்டரில் நடந்த சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில் ஒரு வீராங்கனையின் வண்டிச் சட்டத்துக்குள் மோட்டார் அகப்பட்டது. அவருக்கு 6 ஆண்டுத் தடை. அது பந்தயம், அது ஒளித்து வைத்த மோட்டார். எங்கள் பேட்டரி பழைய டிபன் பாக்ஸ் மாதிரி சட்டத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒளிக்க ஆசைப்பட்டாலும் முடியாது. உங்களுக்கு இன்னொன்றும் நினைவூட்டலாம். ஓட்டிக்கொண்டே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற கியரை டூர் தெ பிரான்ஸில் 1937இல்தான் அனுமதித்தார்கள். பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ஷ் அதை நெடுங்காலம் எதிர்த்தவர். இன்று நீங்கள் இருபத்திரண்டு கியரோடு வருகிறீர்கள், உங்களை யாரும் பின்னாலிருந்து "கியரு!" என்று கூப்பிடுவதில்லை.

கோரிக்கை ஒன்று. காரணம் கேட்காதீர்கள்.

எங்களைப் பார்த்ததும் வருகிற முதல் கேள்வி "முட்டியா?" இரண்டாவது, கொஞ்சம் தணிந்த குரலில், "ஆஞ்சியோ பண்ணியிருக்கீங்களா?" அன்போடுதான் கேட்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நுழைவுச்சீட்டு இருக்கிறது. வியாதி இருந்தால் உள்ளே வரலாம், இல்லாவிட்டால் சோம்பேறி. எங்களில் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, உண்மைதான். ஒருவருக்கு உடம்பில் ஒன்றுமே இல்லை. வேர்க்காமல் அலுவலகம் போக வாங்கினார், ஞாயிற்றுக்கிழமையும் எடுத்து வருகிறார். ஒருவருடைய கணவர் ரோடு பைக்கில் பறக்கிறவர். அவரோடு பேசிக்கொண்டே போகிற பாக்கியம் இருபது வருஷக் கல்யாணத்தில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்கிறார்.

இதை எழுதுகிறவளுக்கு வயது 57. அண்ணன் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவள். பெரியவளானதும் வண்டியைத் தொடக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து மறுபடி ஏறினேன், இந்த மோட்டார் இருந்ததால் ஏறினேன். ஏறிய முதல் மாதம் கேட்டவர்களிடமெல்லாம் முட்டி வலி என்று சொன்னேன். என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. டீக்கடையில் உட்காரும்போது வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கூடக் காட்டியிருக்கிறேன். வயதான காலத்தில் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல வைத்தது எது என்று நான் யோசித்த அளவுக்கு நீங்களும் ஒருமுறை யோசிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கோரிக்கை.

கோரிக்கை இரண்டு. கேலி செய்யலாம். ஒரு சவாரிக்கு ஒரு தடவை போதும்.

கோரிக்கை மூன்று, குழு அமைப்பாளர்களுக்கு. அழைப்பிலேயே சராசரி வேகத்தைப் போடுங்கள், இ-சைக்கிள் வரலாமா கூடாதா என்பதையும் போடுங்கள். கூடாது என்றால் மனசு வருத்தப்படும், ஆனால் வீட்டிலேயே படுத்துக்கொள்வோம். நாலரைக்கு எழுந்து, அத்தனை தூரம் வந்து, எல்லார் முன்னாலும் "நீங்க பின்னாடி தனியா வாங்களேன்" என்று கேட்கிற அனுபவம் யாருக்கும் வேண்டாம். நாங்கள் கேட்காததையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கிற பிரவே சவாரிகளில் இடம் கேட்கவில்லை. மனித உழைப்பால் மட்டும் ஓடுகிற வண்டிக்கு என்பது அதன் விதி. அது நியாயமான விதி. அந்தப் பதக்கத்தை மாட்டிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் நாங்களும் எழுந்து நிற்கிறோம்.

இனி எங்களுக்கு நாங்களே. இந்தப் பகுதி நீளமாக வந்துவிட்டது. பரவாயில்லை.

சத்தமில்லாமல் வராதே. இந்தச் சாலையில் சைக்கிள் மிதிப்பவர் என்றதும் ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நமக்கு முன்பே கிளம்பியிருப்பவர் கேரியரில் டீ கேன் கட்டி, ஹாண்டிலில் பிஸ்கட் பை தொங்கவிட்டு, கட்டட வேலை நடக்கிற இடங்களுக்குப் போகிறவர். இரவு வேலை முடிந்து வீடு திரும்புகிற வாட்ச்மேன். கோவளத்துப் பக்கம் மீன் கூடையோடு வருகிறவர். பரம்பரைச் சைக்கிள்காரர் என்று யாரையாவது சொல்வதானால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும். டீ கேன்காரர் ஒருவரை நான் பாலத்துக்கு முன்னால் பெல் அடிக்காமல் தாண்டினேன். அவர் திடுக்கிட்டு வண்டியை ஒடித்து, காலை ஊன்றி நின்றார். திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டபோது சொன்னார்: "பெல்லு அடிங்கம்மா. கேன் கவுந்தா ஒரு நாள் பொழப்பு போச்சு." அப்புறம் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். பதில் பேசாமல் ஏறி மிதித்தார். அந்த மௌனத்துக்கு எந்தக் கோரிக்கை எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் கேட்காததை அவர் பெயரில் கேட்பதும் சரியாகப் படவில்லை. ஆகவே எங்களுக்கு மட்டும் விதி: பத்தடிக்கு முன்பே பெல், கூடவே "வலப்பக்கம் வர்றேங்க" என்று வாயால் ஒரு சொல், தாண்டும்போது ஒரு கை தூர இடைவெளி.

கூட்டமாகப் போகும்போது வால் பக்கம் நில். நம்மில் பலருடைய வண்டியில் இருக்கும் சென்சார் மிதி சுற்றுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், எவ்வளவு அழுத்துகிறோம் என்று பார்க்காது. அதனால் அரைச் சுற்றுக்குப் பிறகு திடீரென்று தள்ளும். காலை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். முன்வண்டியின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் போகிற கூட்டத்தின் நடுவில் அந்த ஒரு கணம் நாலு பேரைச் சாய்த்துவிடும். நம் வண்டியின் எடைக்கு நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும். காற்றை உடைத்துக் கொடுக்க முன்னால் போகச் சொன்னால் போகலாம், யாராவது சொன்னால் மட்டும்.

கையால் திருகுகிற த்ராட்டில் கூட்டத்தில் கூடவே கூடாது. காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, மிதிக்கிறவரின் பக்கத்தில் கதை பேசியபடி போகிறவரை நாங்களே வாயை மூடச் சொல்லுவோம்.

பாலத்தில் வியர்த்து ஏறுகிறவரைத் தாண்டும்போது "கமான் சார், இன்னும் கொஞ்சம்தான்!" என்று உற்சாகப்படுத்தாதே. நல்ல மனசோடுதான் சொல்கிறாய். அவர் காதில் அது எப்படி விழும் என்று நினைத்துப் பார்.

25 கி.மீ. பூட்டைத் திறந்து 40இல் ஓட விட்டவர் இந்த பெஞ்சில் உட்கார வேண்டாம். அவர் வைத்திருப்பது மோட்டார் சைக்கிள். நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு கார்களோடு போகட்டும். நமக்கு வருகிற ஏச்சில் பெரும்பங்கு அவர் சம்பாதித்துக் கொடுத்தது.

சவாரியைப் பதிவு செய்கிற ஸ்ட்ராவா செயலியில் இ-பைக் சவாரிக்குத் தனி வகை இருக்கிறது. அதில் பதிவு செய். சாதாரணச் சவாரியாகப் போட்டு யாருடைய பாலச் சாதனையையாவது தட்டிப் பறித்திருந்தால் இன்று இரவே மாற்று. (எங்களில் இருவர் மாற்றிவிட்டார்கள். ஒருவர் இன்னும் யோசிக்கிறார்.)

பேட்டரி தீர்ந்து பிறர் கையை எதிர்பார்க்காதே. மார்கழி, தை மாதங்களில் மாமல்லபுரம் போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளும், நம் திறமை என்று நினைத்துக்கொள்வோம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். ஆகவே போகும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழிக்காதே. டீக்கடையில் சார்ஜ் போட வேண்டுமானால் கேட்டுவிட்டுப் போடு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக ஏற அரை யூனிட்கூட ஆகாது. அதனால் இலவசம் என்று அர்த்தமில்லை. டீக்காசோடு இருபது ரூபாய் சேர்த்து வை.

விற்பவர்களுக்கு: அட்டையில் 60 கி.மீ. போகும் என்று போடுகிறீர்கள். எத்தனை கிலோ ஆள், எந்த அளவுத் துணையில், காற்று எந்தப் பக்கம் என்றும் போடுங்கள். மாற்று பேட்டரி என்ன விலை என்பதை வாங்கும் அன்றே சொல்லுங்கள். வேகப் பூட்டைத் திறக்கிற வித்தையைக் கூடுதல் சேவை போல யார் காதிலும் ஓதாதீர்கள்.

மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும்: சென்னை மாநகராட்சி 2014இல் கொண்டுவந்த கொள்கையின் பெயர் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை. பெயரைப் படித்ததும் வாசலில் தயங்கி நிற்கிறோம். 25 கி.மீ.க்குள் அடங்கிய வண்டி சைக்கிள் பாதையில் வரலாம் என்று பலகையில் ஒரு வரி சேருங்கள். சாலை ஓரத்து மணலை வாருங்கள். அதில் சறுக்குவது 9 கிலோ வண்டியும்தான், 22 கிலோ வண்டியும்தான். இந்த ஒரு கோரிக்கையில் ரோடு பைக்காரர்களும் கையெழுத்துப் போடுவார்கள் என்று நம்புகிறோம்.

ஒரு விதி மட்டும் முடிவாகவில்லை. பாலத்தில் இன்னொருவரைத் தாண்டும்போது மோட்டாரை அணைத்துவிட வேண்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். ஸ்டென்ட் வைத்தவர் சிரித்தார்: "நான் அணைச்சா நடுப்பாலத்துல இறங்கித் தள்ளணும், அப்புறம் நீங்க எல்லாரும் நின்னு என்னைப் பார்த்துக்கணும்." அணைக்க வேண்டாம், முன்னால் மிதிக்கிறவர் உச்சி சேரும்வரை பின்னாலேயே வரலாம் என்றார் இன்னொருவர். பின்னாலேயே ஊர்ந்து வருவது அதைவிட அவமானம் இல்லையா என்று நான் கேட்டேன். வாக்கெடுப்பில் பாதிக்குப் பாதி. அந்த இடத்தில் மூன்று வரி வெறுமையாக விட்டிருக்கிறோம். தாண்டப்படுகிறவர்கள் நீங்கள், அதை எழுத வேண்டியவர்களும் நீங்களே. வரும் ஞாயிறு ஆறரைக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் இருப்போம். பென்சில் கொண்டு வாருங்கள், எங்களிடம் இருப்பது மை பேனா.