முதியோர் உணவு மருத்துவத்தின் பொறுப்பே

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது முதல், சர்க்கரை நோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் தமிழ்நாட்டு முதியோரின் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. நோயாளிதான் மருத்துவத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற நெடுநாள் வழக்கத்தை மாற்றிய அத்திட்டம் பாராட்டுக்கு உரியது. ஆனால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளவிடுவதையும் மாத்திரை வழங்குவதையும் மையமாகக் கொண்ட அந்த ஏற்பாட்டில், மாத்திரையை விழுங்கும் முதியவர் வேளைக்கு உண்கிறாரா என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. முதியோரின் உணவு நிலையை அறிவதும், குறை கண்டால் உணவுக்கே வழிசெய்வதும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கடமைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோரின் பங்கு 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடாக இருந்தது. அது 2031இல் 18 விழுக்காட்டைத் தொடும் என்பது மத்திய அரசின் கணிப்பு. 2017-18இல் நடத்தப்பட்ட தேசிய முதுமை ஆய்வோ, நாட்டின் முதியோரில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் உயரத்துக்கு உரிய எடை இல்லாதவர்கள் என்று காட்டியது. இதற்கு நோயும் மூப்பும் மட்டுமன்றி, போதிய சத்துள்ள உணவு நாள்தோறும் உறுதியாகக் கிடைக்காத நிலையாகிய உணவுப் பாதுகாப்பின்மையும் காரணம். வயதானால் உடம்பு இளைக்கத்தான் செய்யும் என்ற பொதுநம்பிக்கை இக்குறையை வீட்டாரிடமிருந்தும் மருத்துவரிடமிருந்தும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

உணவைக் கேட்காத மருத்துவம் சில வேளைகளில் தீங்காகவும் முடியும். சர்க்கரை நோய்க்குப் பரவலாகத் தரப்படும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உண்டாலும் உண்ணாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்துவிடுவதால், காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் தேநீரோடு நண்பகல் வரை இருக்கும் மூதாட்டிக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்து, வியர்வையும் படபடப்பும் மயக்கமும் வருகின்றன. அம்மயக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதுவரை தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டவர் படுக்கையில் கிடக்க நேரிடுகிறது. புரதக் குறைவால் தசை கரைவதும், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிக் காசநோய் போன்ற தொற்றுகள் எளிதில் பற்றுவதும் உணவுக் குறைவின் மெதுவான விளைவுகள்.

2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் தமிழ்நாட்டில் பட்டினி இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அரிசிப் பசியை விலையில்லா அரிசி பெருமளவு தணித்தது உண்மையே. ஆனால் உணவு என்பது அரிசி மட்டுமன்று. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ வழங்கப்படும் துவரம் பருப்பை ஒருவரே உண்டாலும் நாளுக்கு 33 கிராம்தான். அதிலுள்ள புரதம் ஏறத்தாழ 7 கிராம். நால்வர் குடும்பத்தில் முதியவரின் பங்குக்கு 2 கிராம்கூடத் தேறாது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 41 கிராம் புரதம் வேண்டும் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பரிந்துரையோடு இதை ஒப்பிட்டால் குறையின் அளவு விளங்கும். 2025இல் தொடங்கிய தாயுமானவர் திட்டம் ரேஷன் பொருள்களை முதியோர் வீட்டுக்கே கொண்டுசெல்வது நல்ல முன்னேற்றம்தான். எனினும் மூட்டுவலியால் அடுப்படியில் நிற்க முடியாதவருக்கும், கண்புரையால் பருப்பிலுள்ள கல் தெரியாதவருக்கும், பல் இழந்து கஞ்சியையும் ஊறுகாயையுமே நம்பியிருப்பவருக்கும் சமைக்காத அரிசி உணவாகிவிடாது.

இக்குறையைக் கண்டறியப் பெருங்கருவிகள் தேவையில்லை. முதியோருக்கென உருவாக்கப்பட்டு உலகெங்கும் பயன்படும் குறுமதிப்பீட்டு முறையில் ஆறு வினாக்களே உள்ளன. எடையும் உயரமும் அளக்க இயலாதபோது கெண்டைக்காலின் சுற்றளவை அளந்தால் போதும், அது 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மதிப்பெண்ணும் குறையும். அவ்வினாக்களோடு, வாரத்தில் எத்தனை நாள் பருப்போ முட்டையோ கிடைக்கிறது, சமைப்பவர் யார், மாத்திரை போட்டபின் எந்த வேளை உணவு தவறுகிறது என்னும் மூன்றையும் சேர்த்தால், வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஓர் அளவுநாடாவைக் கொண்டே ஆபத்தை இனங்காண முடியும்.

உணவைச் சிகிச்சையாக ஏற்பது அரசுக்குப் புதிதன்று. காசநோயாளியின் ஊட்டத்துக்கென மத்திய அரசு 2018 முதல் வழங்கிவந்த மாதம் 500 ரூபாயை 2024இல் 1,000 ரூபாயாக உயர்த்தியது. 2022இல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டமோ, கடும் ஊட்டக்குறைவைத் தொடக்கத்திலேயே கண்டு உள்நோயாளியாகச் சேர்க்கும் நடைமுறையை வகுத்தது. நோய் வந்தபின் கிடைக்கும் அக்கவனத்தை நோய் வருமுன் மறுப்பதற்கு நியாயம் இல்லை.

தன்னார்வலரின் பணிச்சுமை கூடும் என்ற மறுப்பு சரியானதே. மதிப்பூதியத்தை உயர்த்தாமல் வினாக்களை மட்டும் கூட்டுவது அநீதி. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்பதும், அதற்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு என்பதும் மெய்யே. ஆனால் தீர்ப்பாயத்தில் மகன் மீது மனு கொடுக்கத் துணியும் தாயர் சிலரே, அவர்களுக்கும் ஆணை வரும்வரை வயிறு காத்திருக்காது. செலவைப் பொறுத்தவரை, புதிய சமையற்கூடம் எதையும் கட்ட வேண்டியதில்லை. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதியம் பெறுவோரையும் சேர்த்துக்கொண்டது. இன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்காக ஊர்தோறும் பள்ளி நாள்களில் காலையிலேயே அடுப்பு மூட்டப்படுகிறது. மாத்திரை போடும் நேரமும் அதுவே.

எனவே அரசு மூன்று ஆணைகளைப் பிறப்பிக்க வேண்டும். வீட்டுவழி மருத்துவப் பதிவில் உணவு நிலையும் கெண்டைக்கால் அளவும் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஊட்டக்குறைவு என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சான்றளிக்கும் முதியவருக்கு, ஓய்வூதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், பள்ளி விடுமுறை நாள்களிலும் தடைபடாமல் சமைத்த உணவும் முட்டையும் கூடுதல் பருப்பும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக வழங்கப்பட வேண்டும். 60 முதல் 79 வயது வரையுள்ளோரின் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு ஆண்டுக்கணக்காக 200 ரூபாயில் நிற்பதை உயர்த்தக் கோரி மாநில அரசு விடாது வலியுறுத்த வேண்டும். உணவின்மையைக் கண்டறிந்து குறித்துவைத்தபின் உணவு தராமல் விடுவது கேளாதிருப்பதைவிடக் கொடிது என்பதால், இம்மூன்றும் ஒருங்கே நடைமுறைக்கு வருதல் வேண்டும்.