அவள் சொல்ல, நாம் எழுத

"காலேஜ் படிப்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று, பிளஸ் டூவோடு நிறுத்திக் கொண்ட என்னைப் போன்றவர்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது சகோதரிகளே! பார்வையில்லாத மாணவிகள் விடையைச் சொல்லச் சொல்லப் பரீட்சையில் எழுதித் தர ஆள் கிடைப்பதே கஷ்டமாயிருக்கிறது. எழுதுகிறவர் மாணவியைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவாக உள்ள விதி. ஆக, பி.ஏ. பரீட்சைக்கு நாம்தான் பொருத்தம். படிப்புக் குறைச்சல் ஒரு யோக்கியதையாவது இங்கே மட்டும்தான்!

1995-ம் வருஷச் சட்டத்தில் உடல் குறையுள்ளவர்களுக்குக் கல்லூரியில் 3 சதவீத இடம். 2016 சட்டத்தில் அது 5 ஆயிற்று. இடம் கிடைத்து என்ன, எழுத ஒரு கை வரவில்லையென்றால் படித்ததெல்லாம் வீண்தானே?

பரீட்சைக்கு முன்பே இரண்டு மூன்று தடவை மாணவியோடு உட்கார்ந்து பழகிக் கொள்ளுங்கள். பொருளாதாரத்தில் அவள் சொன்னது 'விலை'யா, 'விளை'யா? சந்தேகம் வந்தால் கேட்டுவிடணும். கேள்வித்தாள் முழுவதையும், மார்க்கோடு, முதலில் படித்துக் காட்டுங்கள். 'அல்லது' என்று வரும் கேள்வியில் இரண்டையும் படிக்கணும். நடுவில் அவள் யோசித்து நின்றால், கடைசியாக எழுதிய வரியைப் படித்தால் போதும், பிடித்துக் கொள்வாள்.

ரொம்பக் கஷ்டமானது என்ன தெரியுமா? சும்மா இருப்பது! அக்பர் பாபரின் மகன் என்று அவள் சொன்னால், பேரன் என்று நமக்கு நாக்கு துறுதுறுக்கும். கூடாது. மகன் என்றே எழுதணும். "ம்ஹும்" என்றுகூட இழுக்கக் கூடாது. கண்காணிப்பாளர் காதில் விழுந்தால் பழி அந்தப் பெண் மேல்தான் விழும். மார்க் அவளுடையது, தப்பும் அவளுடையதாகவே இருக்கட்டுமே.

பாடம் படித்துக் காட்டவும் ஆள் தேவை. செல்போனே படிக்கிறதே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் மங்கின ஜெராக்ஸிலும் கையெழுத்து நோட்ஸிலும் அது தடுமாறிப் போகிறது. குக்கர் விசில் இல்லாத மத்தியானத்தில் பக்க எண்ணைச் சொல்லிவிட்டு நிதானமாகப் படித்துப் பதிவு செய்து கொடுங்கள். அட்டவணை வந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் தலைப்பைச் சேர்த்துச் சொல்லணும்.

பரீட்சை நெருங்கும்போது பக்கத்துக் கல்லூரியில் விசாரியுங்கள். முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அடையாள அட்டையும் இரண்டு பேனாவும் எடுத்துப் போங்கள். மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு என்பதால் மூன்று மணிப் பரீட்சை நாலு மணி நேரமாகும். மதியச் சமையலைக் காலையிலேயே முடிச்சுட்டுக் கிளம்புங்க.